ஒற்றியூர் எல்லையும் எண்ணூர்த் துறையும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனையும் ஒருங்கு வைத்துப் போற்றுதல் சைவ நன்மக்களது மரபு. இவற்றுள் தீர்த்தம் என்பதனை நீராடும் இடமாகவே பெரும்பாலோர் கருதுவர். அச்சொல்லின் முதற்பொருள் அதுவன்று. கடத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வினையடியிற் பிறந்த அச்சொல், ஆற்றைக் கடந்து அக்கரை சேரும் இடத்தையே முன்னர்க் குறித்தது. தமிழில் அதனைத் துறை என்கின்றோம். முழுகுதற்கு இறங்கும் படியும் ஓடம் ஏறுதற்கு இறங்கும் படியும் பண்டைக் காலத்தில் ஒன்றாகவே இருந்தன. ஆதலின் தீர்த்தமாடி மீள்பவர், தாம் நின்ற இடம் பிறிதொரு கரைக்கு வாயில் என்பதனையும் உடன் நினைத்தல் தகும்.

துறை எத்தகைய இடத்தில் அமையும் எனின், ஆறு குறுகிய இடத்தில் என்று சிலர் விடை கூறுவர். உண்மை அதுவன்று. இரு கரையும் தாழ்ந்து இடங்கொடுக்கும் இடத்திலேயே துறை அமையும். அமெரிக்க நாட்டிலே கொலராடோ என்னும் ஆறு பாலைநிலத்துப் பாறைகளை ஆயிரக்கணக்கான அடி ஆழம் அறுத்துக்கொண்டு ஓடுகின்றது. கரைமேல் நிற்பவன் நீரைக் காண்பான். ஆயினும் நாவறண்டு நின்றாலும் அதனைத் தொடமாட்டான். பன்னூறு கல் நீளத்தில், பரியா என்னுஞ் சிற்றாறு வந்து கலக்கும் ஓரிடமே இருபுறத்தும் வண்டிகள் நீர்மட்டம் வரை இறங்குதற்கு வாய்ப்புடையதாக இருந்தது. லீஸ் பெரி எனப்படும் அத்துறையிலே 1870-களில் ஓடம் விடத் தொடங்கினர். 1928 வரை அது நடைபெற்றது; 1929-இல் அணித்தே பாலம் திறக்கப்பட்டது. அங்கே வழிப்போக்கரைத் தடுத்தது நீரின் ஆழத்தினும் கரையின் உயரமே. நிமிர்ந்து நின்ற கரை பணிந்த இடத்திலே வழி பிறந்தது. ஆணவத்தால் நிமிர்ந்து நிற்கும் உயிருக்கும் இஃது ஒக்கும்.

நம் ஆசிரியன்மார் வரலாற்றிலே துறை கடந்த செய்திகள் பல உள்ளன. திருக்கொள்ளம்பூதூரிலே ஆறு பெருக்கெடுத்தமையால் ஓடக்காரர் ஓடத்தை நிறுத்திவிட்டுச் சென்றனர். திருஞானசம்பந்தப் பிள்ளையார் அடியாரோடு ஓடத்தில் ஏறித் திருப்பதிகம் ஓத, ஓடம் அக்கரை சேர்ந்தது. கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட திருநாவுக்கரசு சுவாமிகளை அக்கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையிற் சேர்த்தது. நம்பியாரூரரும் சேரமான் பெருமாளும் திருவையாற்றுக்கு எதிர்க்கரையில் நின்றபோது காவிரி விலகி வழிவிட்டது. இம்மூன்றிடத்தும் நீர் பெரிது, கடத்தல் அரிது, ஆயினும் கடத்தல் நிகழ்ந்தது.

இனி, இவற்றுக்கு முற்றும் மாறாய ஒரு கடத்தலும் உண்டு. அது திருவொற்றியூர் எல்லையில் நிகழ்ந்தது. அங்கே ஆறு இல்லை, வெள்ளம் இல்லை, அரணும் இல்லை. ஓர் ஊரின் எல்லை மட்டுமே இருந்தது. சிறு குழந்தையும் ஓரடி வைத்துக் கடக்கக்கூடிய அவ்வெல்லையை, பின்னாளிற் காவிரி வழிவிடப் பெற்ற நம்பியாரூரர் கடந்த கணத்தே இரு கண்களின் ஒளியையும் இழந்தார். வெள்ளத்தைக் கடப்பித்த திருவருள் வறுநிலத்தை ஏன் கடப்பிக்கவில்லை? சைவர் ஒவ்வொருவரும் தம்முள்ளே கேட்டு விடை காணவேண்டிய வினா இஃது.

வரலாறு அன்பர்கள் அறிந்ததே. ஞாயிறு என்னும் ஊரிலே வேளாளர் குலத்திற் பிறந்து, திருவொற்றியூரிலே கன்னிமாடத்திலிருந்து இறைவனுக்குத் திருமாலை தொடுக்கும் பணி பூண்டிருந்தவர் சங்கிலியார். நம்பிகள் அவரை மணக்க விழைந்து இறைவனையே தூதாக வேண்டினார். பிரியேன் என்று சூளுறவு செய்து தந்தாலன்றி மணத்தற்கு இயையேன் என்பது அம்மையாரது கருத்து. சூளுறவைக் கோயிலிற் செய்யும்போது தேவரீர் திருக்கோயிலை விட்டு மகிழமரத்தின் கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டும் என்று நம்பிகள் இறைவனிடம் மறைவாக வேண்டிக்கொண்டார். அதற்கு இசைந்த இறைவனே சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின் கீழ்ச் சூளுறச் செய்க என்று பணித்தருளினான். நம்பிகள் வேறு வழியின்றி அம்மரத்தின் கீழே நின்று சூளுற்றார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என இந்நிகழ்ச்சி இன்றும் கொண்டாடப்படுகின்றது.

சில காலஞ் சென்றபின் இளவேனில் வந்தது. திருவாரூர் வசந்த விழாவின் நினைவு நம்பிகளை ஈர்த்தது. ஆரூர்ப் பெருமானைக் காணவேண்டும் என்னும் ஆராமையே அவரை எல்லை தாண்டச் செய்தது. இங்கே ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. அவர் சென்றது தீய காரியத்தின் பொருட்டன்று, சிவதரிசனத்தின் பொருட்டே. அங்ஙனமாகவும், ஒரு பெண்ணுக்குக் கொடுத்த மொழியை மிதித்துச் செல்லும் பத்தியை இறைவன் ஏற்றருளவில்லை. தன் தோழர் என்று உலகறிய ஆட்கொண்டவரையும், தன் அடியவளுக்குச் செய்த சூள் பிழைத்தமையின் ஒறுத்தான். பத்தியின் பெயரால் கடமையினின்றும் நழுவ எண்ணுவோர்க்கு இதனிற் பெரிய எச்சரிக்கை வேறில்லை.

கண்ணிழந்த நம்பிகள் அவ்விடத்திலேயே வீழ்ந்து கிடக்கவில்லை. வந்த வழியே திரும்பவுமில்லை. உடன் வந்தார் வழிகாட்ட வடதிருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கத்தை அடைந்தார். கோயிலினுள் இருக்கின்றீரோ என்று உரிமையும் துயரும் கலந்து வினவினார். உள்ளோம், நீர் செல்லும் என்னும் பொருள்பட ஏதிலார்போல் விடை கூறிய இறைவன், கண்ணைத் தரவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தந்தருளினான். பின்பு காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். முதலிற் கோல், அடுத்து ஒரு கண், அதன்பின் மற்றொரு கண் என்னும் இவ்வரிசை கருதத்தக்கது.

திருவெண்பாக்கம் கொசத்தலை ஆற்றங்கரையில் இருந்தது. கொற்றலையாறு எனவும் இதனை வழங்குவர். சென்னை மக்களுக்குக் குடிநீர் வேண்டி, அந்நகரின் மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் இவ்வாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டப்பெற்று 1944-இல் நிறைவேறியது. பழைய கோயில் இருந்த இடம் அத்தேக்கத்துள் அடங்கியது. ஆங்கிருந்த திருமேனிகள் பூண்டியிலே கட்டிய புதிய கோயிலில் எழுந்தருளின. ஊன்றீசர் என்பது இறைவன் திருநாமம். மின்னொளியம்மை என்பது இறைவி திருநாமம். கோலூன்றிய கோலத்தில் நம்பிகள் அங்கே நிற்கின்றார். சென்னையிலே குழாயைத் திறந்து ஒரு குவளை நீர் பருகுவோர் பலர், நம்பிகள் கோல் பெற்ற இடத்தை மூடிநிற்கும் நீரையே பருகுகின்றோம் என்பதை அறியார்.

பூண்டியைக் கடந்த ஆறு தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுக்களைத் தாண்டிக் கிழக்கே வந்து, எண்ணூரிலே கடலொடு கலக்கின்றது. எண்ணூர் திருவொற்றியூருக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ளது. எனவே, நம்பிகள் கண்ணிழந்த எல்லைக்கும் அவர் கோல் பெற்ற கரைக்கும் உள்ள தொடர்பு புராணத்தில் மட்டுமன்று, நிலத்திலும் உண்டு. கோல் தந்த கரையைத் தழுவி வந்த நீர், கண் வாங்கிய ஊருக்கு அருகே வந்து முடிகின்றது. வரைபடத்தில் இதனை நோக்கும் அன்பர்க்கு வியப்பும் உருக்கமும் ஒருங்கே தோன்றும்.

இராயபுரத்திலே வாழும் முதிய சைவ அன்பர் ஒருவர் இவ்வுருக்கத்தால் ஈர்க்கப்பட்டார். துறைமுகத்தை அடுத்த ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் அவர். கண்ணழுத்த நோயால் அவர்க்கு இடக்கண் பார்வை முற்றும் போயிற்று. வலக்கண் பார்வையும் நாற்புறமும் சுருங்கி, ஒரு குழாயின் வழியே நோக்குவது போல் ஆகிவிட்டது. இந்நோயில் இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காப்பதற்கே மருந்து என்று மருத்துவர் ஒளியாமற் கூறிவிட்டனர். அதனை அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். ஆயினும் இரவில் ஒரு வினா அவரை உறங்கவிடவில்லை. கண்ணைத் தருக என்று இறைவனை வேண்டுதல் தகுமா, தகாதா? வேண்டினால் பற்றுடையவனாவேன், வேண்டாவிடின் நம்பிகள் வேண்டியது எங்ஙனம் பொருந்தும்?

திருவொற்றியூரிலே புற்று வடிவாகிய ஆதிபுரீசர் ஆண்டு முழுவதும் கவசத்துள்ளே மறைந்திருப்பர். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் திறக்கப்பெற்று, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்பெற்ற திருமேனியைக் கண்டு வணங்கலாம். வரும் ஆண்டு கவசம் திறக்கும்போது தமக்குக் கண் திறந்திருக்குமோ என்னும் ஐயம் அன்பர்க்கு உண்டாயிற்று. ஆதலின் ஓராண்டு கார்த்திகைப் பௌர்ணமி நாளிலே, கல்லூரியிற் பயிலும் தம் பெயர்த்தியை உடன்கொண்டு புறப்பட்டார். ஒற்றியூர்ப் பெருமானை வணங்கி, அன்றே எண்ணூர்த் துறையையும் கடந்து வரவேண்டும் என்பது அவர் எண்ணம்.

இராயபுரம் புகைவண்டி நிலையம் தென்னாட்டின் முதல் நிலையம். 1856 ஜூலை 1-ஆம் நாள் அங்கிருந்தே ஆர்க்காட்டுப் பக்கம் நோக்கி முதல் வண்டி புறப்பட்டது. இக்காலத்தில் கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார வண்டிகள் அதன் வழியே ஓடுகின்றன. தண்டையார்பேட்டை கடந்து திருவொற்றியூரில் இருவரும் இறங்கினர்.

ஒற்றியூர் என்னும் பெயர்க்குத் தலபுராணம் கூறும் காரணம் ஈண்டைக்கு ஏற்றதாகும். ஊழிப் பெருவெள்ளம் இவ்விடத்தை அழியாது ஒற்றி விலகிற்று. ஆதலின் ஒற்றியூர் என்பர். நீர் பணிந்து விலகிய ஊரிலேதான் நீரில்லா எல்லை நம்பிகளைத் தடுத்தது. மூவராலும் பாடப்பெற்ற இத்தலத்தின் தூங்கானைமாட விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்திற் கருங்கல்லால் எடுக்கப்பெற்றது. இராமலிங்க அடிகளார் சென்னையில் வாழ்ந்த நாளில் நாள்தோறும் நடந்துவந்து வழிபட்டதும் இக்கோயிலையே.

இங்கே பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சதுரானன பண்டிதர் என்னும் துறவியின் வரலாற்றைக் கல்வெட்டொன்று கூறுகின்றது. கேரள நாட்டினராகிய அவர், துறவுக்கு முன்னர்ச் சோழ இளவரசன் இராசாதித்தனுடைய நண்பராய்ப் படைத்தொழில் பூண்டிருந்தார். 949-இல் தக்கோலப் போரிலே இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அந்நாளில் நண்பன் பக்கத்திலிருந்து உடன் மடியும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. அத்துயரம் பொறாமற் கங்கையாடித் துறவு பூண்டு, திருவொற்றியூரிலே நிரஞ்சன குரவரை அடைந்து, ஆங்கே மடத்தின் தலைவராகி அறம் வளர்த்தார். தக்கோலமும் கொசத்தலை ஆற்று நாட்டைச் சேர்ந்ததே. நண்பனோடு போதல் கூடாதவர் உயிரை வீணே மாய்த்துக்கொள்ளவில்லை. எஞ்சிய நாளையெல்லாம் இறைபணிக்கு ஆக்கினார். இழந்தது மீளாது என்று தெளிந்தவர் எஞ்சியதைக் கொண்டு என் செய்தல் வேண்டும் என்பதற்கு இவர் சான்றாவர்.

பௌர்ணமி மாலையில் கூட்டம் நெருங்கியிருந்தது. அன்பர் வரிசையிலே நெடுநேரம் நின்றார். பெயர்த்தி அவர் முழங்கையைப் பற்றியிருந்தாள். சந்நிதி எதிரே வந்தபோது பின்னின்றார் நெருக்கினர். சில கணமே அவர்க்கு வாய்த்தது. குருக்கள் கற்பூர தீபம் காட்டினார்.

வெளியே வந்தபின், "தாத்தா, நன்றாகத் தெரிந்ததா?" என்று பெயர்த்தி கேட்டாள்.

"சுடரைக் கண்டேன், கண்ணு. சுடருக்குப் பின்னே கருமை ஒன்று இருந்தது. அதனைக் கண்டேனோ, உண்டென்று அறிந்தேனோ, பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை" என்றார் அவர்.

அவர் முகத்திலே குறை காணப்படவில்லை. இவ்வூரிலே செக்குத் தொழில் செய்த கலிய நாயனார் செல்வமெல்லாம் செலவிட்டு விளக்கெரித்து, எண்ணெய்க்கு வழியில்லாதபோது தம் குருதியாலேனும் எரிப்பேன் என்று கழுத்தை அரியப் புகுந்தார். அச்சுடர் அணையாமைக்கு அவர் அத்துணை வருந்தியது ஏன் என்பது, தீபம் ஒன்றே காணவல்ல கண்ணை உடையார்க்கு நன்கு விளங்கும்.

அன்றிரவு உறவினர் இல்லத்தில் தங்கி, மறுநாட் காலை பட்டினத்தடிகள் சமாதியை இருவரும் வணங்கினர். காவிரிப்பூம்பட்டினத்திலே கலஞ் செலுத்திப் பெரும்பொருள் ஈட்டிய வணிகர் அவர். யாவற்றையுந் துறந்து பேய்க்கரும்பு தித்தித்த இவ்விடத்தை அடைந்தார். கரையில் விளையாடிய சிறுவர் சாலினால் மூட, உள்ளே சிவலிங்கமாயினார் என்பது வரலாறு. எத்தனையோ மரக்கலங்களை உடையவர் இறுதிக் கடலைக் கடந்தபோது கலம் ஒன்றும் கொள்ளவில்லை. சமாதியின் எதிரே முன்னாளில் மணற்கரை விரிந்திருந்தது. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்தமையால், வடபாற் கரையைக் கடல் அரித்தது. இப்பொழுது பாறைகளை அடுக்கி அலையைத் தடுத்திருக்கின்றனர்.

அங்கிருந்து வண்டி ஏறி எண்ணூர் முகத்துவாரம் அடைந்தனர். எண்ணூரும் அதனைச் சூழ்ந்த குப்பங்களும் நெய்தல் நிலம். சிவன்படைக் குப்பம் என்றே ஓர் ஊர்க்குப் பெயர் உண்டு. பொன்மீன் கிடைத்த நாளிலும் முதல் மீன் இறைவனுக்கே என்று கடலில் விட்ட அதிபத்த நாயனார் மரபினரை நினைப்பிக்கும் பெயர் அது. சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806-இல் வெட்டி முடிக்கப்பெற்ற கால்வாய், பின்பு நெடுந்தூரம் நீட்டப்பட்டு, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் ஒருகாலத்தில் இக்கழியில் நெருங்கின. அன்பரின் தந்தையார் காலத்தில் அக்கரைக் குப்பங்களுக்குச் செல்வோர் ஓடத்திலேயே சென்றனர். இப்பொழுது வண்டிகள் செல்லப் பாலம் உண்டு. 1990-களில் எழுந்த அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வடகரையில் வானளாவி நிற்கின்றன. அதற்கப்பால் 2001-இல் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகம், காமராசர் துறைமுகம் என்னும் பெயருடன் விளங்குகின்றது.

பாலத்தின் வழியே செல்லலாம் என்று பெயர்த்தி கூறினாள். ஓடத்திற் கடக்கவேண்டும் என்று அன்பர் விரும்பினார். குப்பத்து மீனவர் ஒருவர் தம் படகில் ஏற்றிக்கொண்டார். "பெரியவரே, பார்த்து உட்காருங்கள், பலகை ஈரமாக இருக்கிறது" என்று கைகொடுத்து அமர்த்தினார். இயந்திரத்தை ஓட்டாமல் நீண்ட கழியை ஊன்றி அவர் படகைத் தள்ளினார்.

"கழி தரை தொடுகின்றதே, அத்துணை மேடா?" என்று அன்பர் வினவினார்.

"முன்னே இந்த இடத்தில் கழி எட்டாது ஐயா. எங்கள் அப்பா காலத்தில் நல்ல ஆழம். இப்போது சாம்பலும் சேறும் படிந்து மேடாகிவிட்டது" என்றார் அவர்.

நிலக்கரி எரித்த சாம்பல் பல்லாண்டாக இவ்வாற்றிற் கசிந்து படிந்ததை ஆய்ந்தோர் பலர் எழுதியுள்ளனர். 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின் பெருமழையோடு கலந்து வந்த கழிவெண்ணெய் இக்கழி முழுதும் பரவி, கண்டல் மரங்களின் வேர்களையும் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கிற்று. மீனவர் பல நாள் தொழிலின்றித் துன்புற்றனர். நீறு சைவர்க்குத் திருநீறு. எண்ணெய் கலிய நாயனார்க்கு உயிரினும் பெரிய பொருள். பொருள் தூயதாயினும் இடம் பிறழ்ந்தால் நஞ்சாகும் என்பதை இவ்வாறு கற்பிக்கின்றது.

அன்பர்க்குத் தொலைவில் உள்ளவை புலப்படவில்லை. காண்பனவற்றை எடுத்துச் சொல்லுமாறு பெயர்த்தியை வேண்டினார். வெண்ணிறக் கொக்குகள், காய வைத்த வலைகள், புகைபோக்கிகள், கண்டற் புதர்கள் என அவள் ஒவ்வொன்றாகக் கூறிவந்தாள். பின்னர்ச் சற்று நிறுத்தி, "தாத்தா, நீருக்குள் மார்பளவு அமிழ்ந்து சிலர் மெல்ல நகர்கின்றனர், பல்லால் ஒரு பையைக் கடித்துக்கொண்டிருக்கின்றனர்" என்றாள். படகோட்டி விளக்கினார். அவர்கள் கையால் இறால் பிடிக்கும் இருளர். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. கலங்கிய நீரின் அடியிற் சேற்றைக் கையால் தடவிச் செல்வர். இறால் தட்டுப்பட்டவுடன் பிடித்துப் பறியில் இடுவர். கண்ணுக்கு அங்கே வேலையில்லை.

அன்பர் அதனைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. தம் கையை நீரில் இட்டுக்கொண்டு வந்தார். ஒரு முறை நாவிலும் வைத்துப் பார்த்தார். உவர்ப்பு இருந்தது, முழு உவர்ப்பாக இல்லை. வேலியேற்றம் தொடங்கியமையால் கடல் நீர் ஆற்றினுள் ஏறிக்கொண்டிருந்தது.

அக்கரை வந்தது. கரை தாழ்ந்து நீரோடு ஒட்டியிருந்தது. பெயர்த்தி முதலில் இறங்கிக் கையை நீட்டினாள். "இங்கே ஒரு கல் இருக்கிறது தாத்தா. காலை அதன்மேல் வையுங்கள். அடுத்தது மணல்தான்" என்றாள். அவ்வாறே அவர் இறங்கினார். அவ்விடத்தே நின்று கிழக்கும் மேற்கும் கைகூப்பித் தொழுதார். கிழக்கே கடல், மேற்கே ஆறு வந்த வழி, அதாவது திருவெண்பாக்கம்.

அன்பர் தம் வினாவுக்கு விடை பெற்றாரோ எனின், பெற்றார் என்றே கொள்ளல் வேண்டும். அன்றுமுதல் அவர் கண்ணுக்காக வேண்டுவதை விட்டுவிடவில்லை. ஆனால் வேண்டியபின் உறங்கினார். விடை யாது என்பதைச் சித்தாந்த நெறியில் நின்று ஆராய்வோம்.

மெய்கண்ட தேவர் சிவஞான போதத்துப் பதினோராஞ் சூத்திரத்திலே கண்ணையே உவமையாக எடுத்தார். கண் தானே காணாது. உயிர் உடனின்று காட்டக் காணும். காட்டுவதோடு நில்லாது உயிர் தானும் கண்டு நிற்கும். அதுபோல உயிர் தானே அறியாது. முதல்வன் உடனின்று அறிவிக்க அறியும். அறிவிப்பதோடு அவன் தானும் உடன் கண்டு நிற்பன். காட்டும் உதவி, காணும் உதவி என இரண்டாக இதனை ஆசிரியர் விரிப்பர். ஆகவே கண் பழுதுற்றபோது குறைவது ஒரு கருவியே. காட்டுவானும் உடன் காண்பானும் ஆகிய முதல்வன் குறைந்திலன். திருவெண்பாக்கத்தில் இறைவன் கூறிய விடையின் பொருளும் இதுவே. கேட்டவர் கண்ணைக் கேட்டார். இறைவனோ தான் உள்ளமையைச் சொன்னான். மேற்போக்காக நோக்கின் அது வன்சொல். ஆழ நோக்கின் அதனிற் பெரிய கொடை இல்லை. அதன்பின் செல்க என்றான். செல்வதற்கு வேண்டியது கோல், அதனையும் கொடுத்தான்.

எனவே வேண்டுதல் குற்றமன்று. நம்பிகள் வேண்டினார், கடிந்தும் வேண்டினார். திருவருள் நாம் வேண்டிய வரிசையில் வாராது, நடத்தற்கு வேண்டிய வரிசையில் வரும் என்பதே அறியத்தக்கது. கண் வேண்டினார்க்குக் கோல் வந்தால் அதனை மறுப்பென்று எறியலாகாது. நம்பிகள் சினந்து எறிந்த கோல் பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று திருவெண்பாக்கத்தில் ஒரு வழக்கு உண்டு. அடியார் சினத்தையும் இறைவன் பொறுத்தான். ஆயினும் அடுத்த ஊர்க்குச் சென்றது கோலூன்றியே. முழங்கையைப் பற்றி வரும் பேதைப் பெண்ணின் கையும், படகோட்டியின் கழியும், அடுத்த கல் இங்கே என்று சொல்லும் சொல்லும் ஊன்றீசன் தரும் கோல்களே எனக் கொள்பவர் குருடராகார்.

ஒற்றியூர் எல்லை பற்றிய வினாவுக்கும் இங்கே விடை கிடைக்கின்றது. கொள்ளம்பூதூரிலும் ஐயாற்றிலும் கடந்தவர் தம்மாற் கடக்கலாகாது என்று பணிந்து நின்றனர், திருவருள் கடப்பித்தது. ஒற்றியூர் எல்லையிலோ நம்பிகள் தாமே கடந்தார். தாமே கடந்த ஓரடி பெருவெள்ளத்தினும் அரிதாயிற்று. நீரின் அளவு கடத்தலை அரிதாக்குவதில்லை. யான் கடப்பேன் என்னும் நிமிர்வே அரிதாக்குகின்றது. கண்ணிழந்து பணிந்த கணத்தே, நம்பிகள் மீண்டும் துறையில் நின்றார்.

முகத்துவாரத்து நீரும் ஒரு பாடம் கூறும். அங்கே ஆறு எது, கடல் எது என்று கோடு கிழிக்க முடியாது. இரண்டும் ஒரே பொருளாகிவிட்டன என்று கூறவும் முடியாது. வேலியேற்றத்திற் கடல் ஆற்றினுள் புகுந்து நிறைகின்றது. ஆறு அழியாது அந்நிறைவினுள் அடங்கி நிற்கின்றது. பொருளால் இரண்டாயும் கலப்பால் ஒன்றாயும் நிற்கும் அத்துவித நிலைக்கு ஆசிரியர் காட்டிய நீரும் உப்பும் என்னும் உவமையை எண்ணூர்த் துறையில் ஒரு துளி நாவில் வைத்தார் உணரலாம்.

அத்துளி தூயதாக இருத்தல் வேண்டும். சூள் பிழைத்தல் மகிழின் கீழ் மட்டும் நிகழ்வதன்று. மேலே பூண்டியில் ஆற்றின் நீரை உண்டு, கீழே எண்ணூரில் அவ்வாற்றுக்கே கழிவை ஈதல் நன்றி கொன்ற செயல். மாநகரில் வாழும் சைவர், தீர்த்தம் என்று தலைமேல் தெளித்துக்கொள்ளும் நீர்க்குத் தாம் செய்யும் கடன் யாது என எண்ணுதல் வேண்டும். மீனவரும் இருளரும் தூய்மையை வேண்டும்போது உடன் நின்று குரல் கொடுத்தல் சிவபுண்ணியத்தின் பாற்பட்டதே. சங்கிலியார்க்குக் கொடுத்த மொழியைக் காத்த இறைவன், எளியார்க்கு இழைத்த பிழையைக் காணாதிரான்.

திருவொற்றியூரை வழிபடச் செல்லும் அன்பர்கள் இயலுமாயின் எண்ணூர் வரை சென்று வருக. மற்றொரு நாள் பூண்டிக்குச் சென்று ஊன்றீசரையும் கோலூன்றி நிற்கும் நம்பியையும் வணங்குக. கண்ணொளி உடையார் அவ்வொளியாற் காண்க. குறைந்தார் உடன் வருவார் கையைப் பற்றிக் காண்க. இருவரையும் உடனின்று காண்பவன் ஒருவன் உளன்.

திருச்சிற்றம்பலம்.